பச்சைப் பூஞ்சைக்கு ஒரு பாராட்டு மடல்

பச்சைப் பூஞ்சையே,

எங்கள் திருத்தணிப் பக்கத்துக் கனகம்மாசத்திரத்துச் செம்மண்ணில் வேர்க்கடலை போடும் குடியானவர்கள் சார்பிலும், அந்தக் கடலையை வாங்கித் தின்னும் எங்கள் எல்லோர் சார்பிலும் இந்தப் பாராட்டு மடலை உனக்கு வாசித்தளிக்கிறேன். நல்ல குணம் யாரிடம் இருந்தாலும் மெச்ச வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். உன்னிடம் இருப்பவை ஒன்றிரண்டு குணங்கள் அல்ல. பொறுமை உண்டு. சிக்கனம் உண்டு. சமயம் பார்க்கத் தெரியும். எடுத்த காரியத்தை முடிக்காமல் விடமாட்டாய். சாதி, மதம், எல்லை எதுவும் பார்க்கமாட்டாய். இவற்றில் ஒரு சொல்கூட மிகையில்லை. 60 ஆண்டுகளுக்கு மேலாக ஆய்வுக்கூடங்கள் உன்னைப் பார்த்து எழுதி வைத்திருப்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

உன் முழுப்பெயர் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ். கெட்டுப்போன கடலைப் பருப்பை இரண்டாகப் பிளந்தால் நடுவில் மஞ்சளும் பச்சையும் கலந்த மெல்லிய பொடியாகப் படிந்திருக்கிறாயே, அதுதான் உன் திருமேனி. ஆனால் உன் புகழ் அதனால் வந்ததில்லை. நீ கக்கிவிட்டுப் போகும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சால் வந்தது. பொடியை ஊதிவிடலாம், துணியால் துடைத்துவிடலாம். நஞ்சு பருப்புக்குள்ளேயே தங்கிவிடும். அது கண்ணுக்குத் தெரியாது. அதற்கு மணம் கிடையாது, சுவை கிடையாது. செய்த வேலையை வெளியே சொல்லிக்கொள்ளாத அடக்கத்தில் உன்னை மிஞ்ச ஆள் இல்லை.

உலகம் உன்னை அடையாளம் கண்டது 1960-ல். இங்கிலாந்துப் பண்ணைகளில் சில மாதங்களுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தன. காரணம் பிடிபடாமல் ‘வான்கோழி எக்ஸ் நோய்’ என்று பெயர் வைத்துக்கொண்டு தேடினார்கள். பிரேசிலிலிருந்து கப்பலில் வந்திறங்கிய கடலைப் புண்ணாக்கில் போய் முடிந்தது அந்தத் தேடல். புண்ணாக்கில் நீ தங்கிப்போன தடம் இருந்தது. புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிர்ந்த நஞ்சுக்கு பி என்றும், பச்சையாக ஒளிர்ந்ததற்கு ஜி என்றும் பெயரிட்டார்கள். அந்தக் குடும்பத்தில் மிகக் கொடியது பி1.

அதே 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதிதான் திருத்தணி ஆந்திரத்திலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ம.பொ.சி.யும் அவரோடு நின்றவர்களும் சிறைக்குப் போய்ப் பெற்றுத் தந்த எல்லை அது. அந்த எல்லைக்கு அந்தப்புறம் நகரி, இந்தப்புறம் பள்ளிப்பட்டு. இரண்டு பக்கத்து மண்ணும் உனக்கு ஒன்றுதான். எங்கள் தெருக்களில் ஒரு வீட்டில் தமிழ் கேட்கும், அடுத்த வீட்டில் தெலுங்கு கேட்கும். விளைந்த கடலை எந்த வீட்டிலிருந்து வந்தாலும் ஒரே தராசில்தான் ஏறும். கொசஸ்தலை ஆற்றுத் தண்ணீருக்கு இரண்டு மாநிலங்களும் கணக்குப் பார்க்கின்றன. உன் கணக்கைச் சோதனைச் சாவடியில் யாரும் கேட்பதில்லை. நீயும் இரண்டு மாநிலத்துக்கும் ஓரவஞ்சனை இல்லாமல் நடந்துகொள்கிறாய்.

இனி உன் குணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது, பொறுமை. நீ எங்கிருந்தோ பறந்து வந்து விழுபவன் அல்ல. எங்கள் மண்ணிலேயே, போன வருடத்து வேரிலும் சருகிலும் குடியிருக்கிறாய். கடலைப் பூ பூத்து, விழுது மண்ணுக்குள் இறங்கி, காய் பிடிக்கும்போது நீ பக்கத்திலேயே இருக்கிறாய். ஆனாலும் அவசரப்படமாட்டாய். செடிக்கு ஈரம் இருக்கும்வரை அது தன் காயைத் தானே காத்துக்கொள்ளும் பொருள்களைச் சுரந்துகொண்டிருக்கும். அதோடு மல்லுக்கட்ட நீ போவதில்லை. பருவத்தின் கடைசி மூன்று நான்கு வாரங்களுக்காகக் காத்திருப்பாய். ஆடிப்பட்டத்து மானாவாரிக் கடலைக்குப் புரட்டாசியில் மழை விட்டு வெயில் காய வேண்டும்; அல்லது மார்கழிப்பட்டத்து இறவைக் கடலைக்குப் பங்குனியில் கிணறு வற்ற வேண்டும். மண் சூடேறும், செடி வாடும், காயின் ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும், கரையான் ஓட்டைக் கொறிக்கும். அப்போதுதான் நீ உள்ளே போவாய். கடைசி நேரத்தில் ஓர் உயிர்த் தண்ணீர் கிடைத்துவிட்டால் உன் பாடு திண்டாட்டம். தூர்ந்துபோன ஏரிகளும் வரத்துக்கால்வாய்களும் அந்தத் தண்ணீர் கிடைக்காதபடி பார்த்துக்கொள்கின்றன.

ஓட்டைக் கெட்டிப்படுத்த ஒரு வழி இருக்கிறது. விதைத்து 40, 45 நாளில், விழுது இறங்கும் சமயத்தில், ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் தூவி மண் அணைக்க வேண்டும். அதிலிருக்கும் சுண்ணாம்புச் சத்து காயைத் திரட்டி ஓட்டை வலுவாக்கும். வேளாண் பல்கலைக்கழகம் பல காலமாகச் சொல்லிவரும் யோசனை இது. விதைக்கும்போது டிரைக்கோடெர்மா விரிடி என்ற நல்ல பூஞ்சையைக் கலந்து விதைத்தால் மண்ணுக்குள்ளேயே உனக்கு ஒரு பங்காளி முளைப்பான். ஆனால் குத்தகைக்கு உழுபவரின் கையில் விதைக்கே காசு இருப்பதில்லை. வட்டிக்கு வாங்கி விதை வாங்கியவர் ஜிப்சத்தைத் தள்ளிப்போடுகிறார். நீ காத்திருந்தது வீண்போவதில்லை.

இரண்டாவது, சமயம் அறிதல். செடியைப் பிடுங்கும்போது பருப்பில் பாதிக்குப் பாதி ஈரம் இருக்கும். அதை ஏழு எட்டு விழுக்காட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால் உனக்கு அங்கே வேலை இல்லை. நடுவே இருக்கும் அந்தச் சில நாள்கள்தான் உன் நாள்கள். ஆடியில் போட்ட கடலையை ஐப்பசியில் பிடுங்குகிறோம். ஐப்பசி அடைமழைக் காலம். சென்னை–திருப்பதி நெடுஞ்சாலையை ஒட்டிய களத்தில் பரப்பியிருக்கும் கடலையைப் பாருங்கள் என்று வாசகர்களை அழைத்துக் காட்டலாம். வடகிழக்கே கருக்கும்போது வீட்டிலிருக்கும் எல்லோரும் ஓடிவந்து அள்ளிக் குவித்து, தார்ப்பாயை இழுத்து மூடி, நான்கு ஓரத்திலும் கல் வைக்கிறார்கள். மழை இரண்டு நாள் விடாமல் பெய்கிறது. மூன்றாம் நாள் தார்ப்பாயைத் தூக்கினால் குவியலிலிருந்து ஆவி அடிக்கிறது. கையை உள்ளே விட்டால் வெதுவெதுப்பு. மேலே இருக்கும் காய்கள் ஈரமாக இருந்தாலும் பழுதில்லை. அடியில் இருப்பவை கறுத்து, ஓட்டின் மேல் சாம்பல் பூத்திருக்கின்றன. 25 முதல் 35 டிகிரி வெப்பமும் காற்றுப் புகாத புழுக்கமும் உனக்குப் பிடித்தவை என்பது தெரிந்து நாங்களே பந்தல் போட்டுக் கொடுத்த மாதிரி இருக்கிறது. மழையிலிருந்து விளைச்சலைக் காப்பாற்ற ஓடிய அந்தக் குடும்பத்தின் உழைப்பையே உனக்குச் சாதகமாக்கிக்கொண்டாய்.

மூன்றாவது, விருந்தை மறுக்காத பண்பு. காய்ந்த கடலையை மில்லில் உடைக்கிறார்கள். காய்ந்த காயை அப்படியே போட்டால் பருப்பு இரண்டாக உடைந்து விலை குறையும். அதனால் உடைக்கும் முன் காயின் மேல் தண்ணீர் தெளிக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. தெளித்த தண்ணீர் எடையையும் கொஞ்சம் கூட்டிக் காட்டும். பத்து நாள் வெயிலில் குடியானவர் கஷ்டப்பட்டு வெளியேற்றிய ஈரத்தை ஒரு பிளாஸ்டிக் குடம் தண்ணீர் ஐந்து நிமிடத்தில் திரும்ப உள்ளே அனுப்பிவிடுகிறது. அந்த ஈரத்தோடு பருப்பைச் சாக்கில் கட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சிமெண்ட் தரையில் சுவரோடு சாய்த்து வைக்கிறார்கள். இலை போட்டுப் பரிமாறிய பின் வேண்டாம் என்று எழுந்து போகிற பழக்கம் உனக்குக் கிடையாது.

நான்காவது, சிக்கனம். இந்தியச் சட்டம் பதப்படுத்துவதற்கான கடலையில் கிலோவுக்கு 15 மைக்ரோகிராம் அஃப்ளாடாக்சின்வரை அனுமதிக்கிறது. 15 மைக்ரோகிராம் என்றால் என்ன என்று சாதாரணக் கணக்கில் சொல்கிறேன். பத்து டன் லாரி நூறு வரிசையாக நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆயிரம் டன் கடலைக்குள் 15 கிராம் நஞ்சு இருந்தால் வரம்பு தொட்டுவிட்டது. இவ்வளவு கொஞ்சம் செலவழித்து இவ்வளவு பெரிய காரியத்தைச் சாதிப்பவர் வேறு யார்? இன்னொன்றும் உண்டு. நீ எல்லாப் பருப்பிலும் பரவுவதில்லை. ஆயிரக்கணக்கான பருப்பில் ஒன்றிரண்டில் மட்டும் தங்குவாய். ஆனால் அந்த ஒன்றில் முழு மூச்சோடு வேலை செய்வாய். ஒற்றைப் பருப்பில் கிலோவுக்குப் பத்து லட்சம் மைக்ரோகிராமுக்கு மேற்பட்ட அளவிலும் நஞ்சு கண்டிருக்கிறார்கள். அப்படி ஒரு பருப்பு அரை கிராம் எடை இருந்தால், 30 கிலோ நல்ல பருப்பை வரம்புக்குத் தள்ள அது ஒன்றே போதும். மண்டியில் ஒரு பிடி அள்ளி, உடைத்து, வாயில் போட்டு மென்று தரம் சொல்கிறார்களே, அந்தப் பிடிக்குள் நீ சிக்குவது அபூர்வம். ஆய்வுக்கூடத்துக்கு மாதிரி எடுப்பவர்கள்கூடப் பல மூட்டைகளில், பல இடங்களில் எடுத்து, அரைத்துக் கலந்த பிறகுதான் நம்பிச் சொல்ல முடிகிறது.

ஐந்தாவது, நெருப்புக்கும் அஞ்சாத உறுதி. எங்கள் வீட்டுப் பெண்கள் எதையும் வேகவைத்துவிட்டால் கெடுதி போய்விடும் என்று நம்புகிறார்கள். காலரா, வயிற்றுப்போக்குக் கிருமிகளைப் பொறுத்தவரை அந்த நம்பிக்கை சரிதான். உன் நஞ்சு அழிய 237 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. அவிக்கும் கடலையில் நஞ்சு அசைவதில்லை. வறுக்கும்போது ஓரளவு குறையும், முழுதாகப் போகாது. முழுக் கடலையைத் தின்னும்போது சொத்தை வந்தால் நாக்கு காட்டிக்கொடுக்கும், துப்பிவிடலாம். சட்னியில் அரைத்த பிறகு, வெல்லப்பாகில் உருட்டிய பிறகு, பொடியாக்கிய பிறகு நாக்கு என்ன செய்யும்? காரமும் புளியும் இனிப்பும் உன்னை மறைத்துவிடும். விலை மலிவாக வேண்டும் என்று உடைசலும் சுருங்கலும் வாங்கிப் போய் அரைக்கும் இடங்களில் உனக்குக் கிடைக்கும் மறைவு இன்னும் பெரிது.

ஆறாவது, வள்ளன்மை. நீ உண்டாக்கியதை நீயே வைத்துக்கொள்வதில்லை, கைமாற்றிக்கொண்டே போகிறாய். கடலையைச் செக்கில் ஆட்டினால் நஞ்சின் பெரும்பங்கு எண்ணெயோடு போகாமல் புண்ணாக்கில் தங்கும். புண்ணாக்கு மாட்டுக்கு. மாட்டின் ஈரலில் பி1 என்ற நஞ்சு எம்1 என்று உருமாறிப் பாலுக்கு வரும். தின்ற ஒரு நாளுக்குள் பாலில் தெரியும். காய்ச்சினாலும் போகாது, பாக்கெட் போடும் முன் செய்யும் பதப்படுத்தலிலும் போகாது. இந்திய உணவுப் பாதுகாப்பு தர நிர்ணய ஆணையம் 2018-ல் நாடெங்கும் 1,103 நகரங்களில் 6,432 பால் மாதிரிகள் எடுத்துப் பார்த்தது. 368 மாதிரிகளில் எம்1 வரம்பை மீறியிருந்தது. மாநிலவாரியாகப் பார்த்தால் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. இங்கே எடுத்த 551-ல் 88 மாதிரிகள். அடுத்து டெல்லி, கேரளம். கறந்த பாலைவிடப் பதப்படுத்திய பாலில்தான் அது அதிகம் தென்பட்டது. பல விஷயங்களில் முன்னணி மாநிலம் என்று மார்தட்டிக்கொள்ளும் எங்களுக்கு, 2019 அக்டோபரில் வெளியான அந்த அறிக்கை இன்னொரு முதலிடத்தையும் வாங்கித் தந்தது. உன்னால் கிடைத்த பெருமை அது.

கன்று ஈன்ற மாட்டுக்குச் சத்து வேண்டும் என்று கடன் சொல்லிப் புண்ணாக்கு வாங்கி ஊறவைக்கும் அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. பூசணம் பிடித்த புண்ணாக்கை மனுசனுக்குத்தான் ஆகாது, மாடு தின்னும் என்று விற்பவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டியவர்களுக்குத் தெரியும். தீவனத்தில் எவ்வளவு நஞ்சு இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்.

ஏழாவது, ஏழையோடு ஒட்டிக்கொள்ளும் குணம். இதைச் சொல்லும்போது என் குரல் மாறுவதை மன்னித்துக்கொள். 1974 மழைக்காலத்தின் கடைசியில் ராஜஸ்தானின் பன்ஸ்வாராவிலும் குஜராத்தின் பஞ்சமகாலிலும் பருவம் தப்பிப் பெய்த மழையில் மக்காச்சோளக் கதிர் நனைந்தது. பழங்குடி மக்களின் வீட்டில் வேறு தானியம் இல்லை. பூசணம் பிடித்ததையே இடித்துத் தின்றார்கள். நீ அதிலும் இருந்தாய். முதலில் காய்ச்சல், பிறகு மஞ்சள் காமாலை, பிறகு வயிற்றில் நீர் கட்டுதல். அவர்கள் போட்ட மிச்சத்தைத் தின்ற வீட்டு நாய்களுக்கும் அதே நோய் வந்தது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தினர் போய்ப் பார்த்து எழுதிய கணக்கின்படி 397 பேர் நோயில் விழுந்தார்கள், 106 பேர் இறந்தார்கள். அதற்கு மூன்றாண்டு முன்பு, 1971-ல், மைசூரில் பணியாற்றிய மருத்துவர்களும் உணவு விஞ்ஞானிகளும் இன்னொன்றை எழுதினார்கள். புரதம் குறைந்து ஊதிப்போன குழந்தைகளுக்குப் பலம் தருவதற்காகக் கொடுத்த கடலை மாவில் நீ இருந்தது பின்னால் தெரிந்தது. அந்தக் குழந்தைகளின் ஈரல் சுருங்கிக் கெட்டது. கென்யாவில் 2004-ல் மக்காச்சோளத்தால் 125 பேர் இறந்தார்கள்.

இவை ஒரே மூச்சில் கொன்ற கணக்கு. மெல்லக் கொல்வதில்தான் உன் திறமை முழுதாக வெளிப்படுகிறது. உன் நஞ்சை ஈரல் உடைத்து வெளியேற்றப் பார்க்கும்போது, உடைந்த துண்டு உயிரணுவின் மரபுப்பொருளிலேயே ஒட்டிக்கொள்கிறது. அது புற்றாக வளரப் பல வருடம் ஆகலாம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1987-லேயே உன் நஞ்சுகளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று முதல் பிரிவில் வைத்துவிட்டது. ஹெபடைடிஸ் பி என்ற காமாலைக் கிருமி உன் உற்ற நண்பன். ஷாங்காயில் 18,000-க்கும் மேற்பட்ட ஆண்களைப் பல ஆண்டு பின்தொடர்ந்து பார்த்தார்கள். உன் நஞ்சு மட்டும் உடலில் இருந்தவர்களுக்கு ஈரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு மூன்று மடங்கு. அந்தக் கிருமி மட்டும் இருந்தவர்களுக்கு ஏழு மடங்கு. இரண்டும் சேர்ந்தவர்களுக்கு ஏறக்குறைய அறுபது மடங்கு. பல வருடம் கழித்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவரிடம் குடிப்பழக்கம் உண்டா என்று கேட்பார்கள். சின்ன வயதில் என்ன கடலை தின்றீர்கள் என்று கேட்பவர் கிடையாது. இறப்புச் சான்றிதழில் உன் பெயர் ஏறாது. அந்த அளவுக்கு நீ தடம் விடாதவன்.

எட்டாவது குணத்தைச் சொல்லி முடிக்கிறேன். யாரிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது உனக்குத் தெரியும். ஐரோப்பிய ஒன்றியம் நேராகத் தின்னும் கடலைக்கு வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 4 மைக்ரோகிராம். அதில் பி1 மட்டும் 2. இந்தியாவில் நேராகத் தின்னும் கடலைக்கு 10. பாலில் எம்1-க்கு அங்கே 0.05 மைக்ரோகிராம், இங்கே 0.5. அங்கே போகும் ஒவ்வொரு சரக்குக்கும் நம் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையமான அபெடா, பீநட்.நெட் என்ற கணினி ஏற்பாட்டில் பதிவு கேட்கிறது. எந்தக் கிடங்கில் உடைத்தது, எந்த ஆய்வுக்கூடம் பார்த்தது, எவ்வளவு நஞ்சு என்று சான்றிதழ் இருந்தால்தான் கப்பல் ஏறும். கையால் பொறுக்குகிறார்கள், நிறம் பார்க்கும் மிஷினில் ஓட்டுகிறார்கள், சந்தேகமான பருப்பைத் தள்ளுகிறார்கள். அந்தச் சிரத்தையை நான் மனமார மதிக்கிறேன். அப்படித் தள்ளிய பருப்பு எங்கே போகிறது என்பதுதான் என் கேள்வி. அதைக் குழி வெட்டிப் புதைப்பதில்லை. விலை குறைந்த சரக்காக அது உள்ளூர்ச் சந்தைக்கும் செக்குக்கும் தீவனத்துக்கும் திரும்பி வருகிறது. பொறுக்கி எடுத்த நல்லது அயலூர்க் குழந்தைக்கு. பொறுக்கித் தள்ளியது உழுதவன் குழந்தைக்கு. இந்தப் பங்கீட்டை நீ செய்யவில்லை. செய்தவர்கள் நாங்கள். நீ கிடைத்த இடத்தில் உட்கார்ந்தாய், அவ்வளவுதான்.

இது தொண்டை நாடு. அதியமானுக்காகத் தூது வந்த ஔவையாருக்குத் தொண்டைமான் தன் ஆயுதச்சாலையைக் காட்டினான் என்பதைப் பள்ளியில் படித்திருக்கிறோம். நெய் பூசி, மாலை சூட்டி, காவலில் வைத்திருந்த வேல்களை அவர் அழகாக இருக்கின்றன என்று புகழ்ந்தார். போர்க்களம் காணாத வேல்கள் என்பது அந்தப் புகழுக்குள் இருந்தது. எங்கள் ஆயுதச்சாலையும் அழகாகத்தான் இருக்கிறது. 2006-ல் இயற்றிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வரம்புகள் அச்சில் இருக்கின்றன. கோயம்புத்தூரில் வேளாண் பல்கலைக்கழகம், ஜுனாகத்தில் நிலக்கடலைக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிறுவனம், ஹைதராபாத் பக்கத்தில் பதான்சேருவில் இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம். குறைந்த செலவில் உன் நஞ்சை அளக்கும் முறையை இக்ரிசாட் உருவாக்கியது. சில நிமிடத்தில் விடை சொல்லும் பட்டைகளும் வந்துவிட்டன. எல்லாம் மெருகு குலையாமல் இருக்கின்றன. கனகம்மாசத்திரத்திலிருந்து மூட்டை ஏறும் தராசுக்கு அருகே அவற்றில் ஒன்று வந்து நின்றால் உன் ஆட்டம் முடியும். அது வரவில்லை என்பதால்தான் இந்தப் பாராட்டு மடல்.

பூஞ்சையே, உன்னிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். உன் ஒவ்வொரு பெருமைக்கும் அடியில் எங்கள் சிறுமை ஒன்று இருக்கிறது. உன் பொறுமை எங்கள் தூர்ந்த ஏரி. உன் சமயம் எங்கள் நனைந்த களம். உன் விருந்து எங்கள் குடத்துத் தண்ணீர். உன் வள்ளன்மை எங்கள் பூசணம் பிடித்த புண்ணாக்கு. உன் மறைவு எங்கள் அலட்சியம். இனி நான் பேசப்போவது என் ஊர்க்காரர்களிடம்.

வேர்க்கடலையை யாரும் வெறுக்க வேண்டாம். நூற்றுக்கு 25 பங்கு புரதம் தரும், ஏழை வாங்கக்கூடிய விலையில் கிடைக்கும் உணவு அது. அதைக் காப்பாற்றத்தான் இவ்வளவும் சொன்னேன். குடியானவர்களே, பிடுங்கிய செடியைக் காய் மேலே இருக்கும்படி கவிழ்த்துக் காயவிடுங்கள். ஆய்ந்த காயை மெல்லியதாகப் பரப்புங்கள். காயைக் காதருகே ஆட்டினால் பருப்பு கலகலக்க வேண்டும். பருப்பைத் தேய்த்தால் தோல் உரிய வேண்டும். அதுவரை சாக்கில் கட்டாதீர்கள். மூட்டையைப் பலகை மேல், சுவரைத் தொடாமல் அடுக்குங்கள். வெடித்த காய், கரையான் தின்ற காய், வாடிச் செத்த செடியின் காய் இவற்றைத் தனியே ஒதுக்குங்கள்; நல்லதோடு கலக்காதீர்கள். மில்காரர்களே, உடைக்கும் முன் தண்ணீர் தெளிப்பதை இன்றோடு விடுங்கள். மாடு வைத்திருப்பவர்களே, பூசண வாடை அடிக்கும் புண்ணாக்கை ஊறவைக்காதீர்கள். கெட்ட தீவனத்தை நிறுத்தினால் மூன்று நான்கு நாளில் பால் தெளிந்துவிடும். பெற்றவர்களே, குழந்தை பிறந்தவுடன் போடும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். 2011-லிருந்து நாடு முழுவதும் அரசு அதை இலவசமாகத் தருகிறது. பூஞ்சையின் நண்பனை விலக்கி வைக்க அந்தத் தடுப்பூசி உதவும்.

அரசிடம் கேட்பது மூன்று. ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் எடையும் ஈரமும் பார்ப்பதுபோல் அஃப்ளாடாக்சினும் பாருங்கள். நன்றாகக் காய்ந்த, நஞ்சில்லாத கடலைக்குக் கூடுதல் விலை கிடைக்கும்படி செய்யுங்கள். விலை கிடைத்தால் குடியானவர் ஜிப்சமும் போடுவார், தார்ப்பாயும் வாங்குவார். ஏற்றுமதியில் தள்ளுபடியான சரக்கு மறுபடியும் மனிதர் தட்டுக்கோ மாட்டுத் தொட்டிக்கோ வராமல் தடுக்க ஆள் போடுங்கள். கப்பலில் ஏறும் கடலைக்கு ஒரு சட்டம், நம் குழந்தை தின்னும் கடலைக்கு ஒரு சட்டம் என்பது நியாயமில்லை.

வாசகர்களே, சுருங்கிய, கறுத்த, கசக்கும் கடலையைக் காசு போகிறதே என்று விழுங்காதீர்கள், துப்புங்கள். அதை அரைத்துச் சட்னியாக்காதீர்கள், மாட்டுக்கும் போடாதீர்கள். கடலை மிட்டாயோ எண்ணெயோ பாலோ வாங்கும் இடத்தில் அஃப்ளாடாக்சின் சோதனை செய்தீர்களா என்று கேளுங்கள். விற்பவருக்கு அந்தச் சொல் பழகும்வரை திரும்பத் திரும்பக் கேளுங்கள்.